தேதிக்குப் படையல்

“இன்னிக்கு இன்னா சண்டை நடந்த நாளு, சொல்லு?”

அப்பா இப்படிக் கேட்காமல் வெண்ணிலாவுக்குப் பொழுது விடிந்ததில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அவள் வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோது தொடங்கிய கேள்வி அது. கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலை ஓரம் அவர் வைத்திருந்த டீக்கடையில் ஒரு கரும்பலகை தொங்கும். அந்தத் தேதியில் என்றைக்கோ நடந்த போரை அதில் எழுதுவது அவள் வேலை. ஜனவரியில் வந்தவாசிச் சண்டை. செப்டம்பரில் மெட்ராஸ் மேல் குண்டு போட்ட எம்டன் கப்பல். டிசம்பரில் டாக்கா பிடிபட்ட நாள். எதுவும் அகப்படாத நாளில் ‘இன்று சண்டை இல்லை’ என்று எழுதச் சொல்வார்.

“வேணு, இன்னிக்கு எத்தினி பேரு செத்தாங்க? எனக்குச் சக்கரை கம்மி” என்பார்கள் லாரிக்காரர்கள்.

“நீ குந்திகினு டீ குடிக்கத்தான்யா செத்தானுங்க” என்பார் பட்டாளத்திலிருந்து வந்த அப்பா.

ஜூலை ஏழாம் தேதி மட்டும் கேள்வி கிடையாது. கடையும் கிடையாது. அன்று அவர் பொம்மையார்பாளையம் போய்விடுவார். கார்கில் மலையில் அவர் பக்கத்திலேயே குண்டடிபட்டுச் செத்த இளவழகனின் வீடு அங்கே இருந்தது. பிள்ளை இல்லாத வீடு. பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன திதியை அப்பா முதல் வருஷமே வேண்டாம் என்றுவிட்டார். பட்டாளத்துக்காரனுக்குத் தேதிதான் கணக்கு என்றார். இளவழகனின் மனைவி சூர்யகலா வஞ்சிரம் குழம்பு வைத்துப் படையல் போடுவாள். கற்பூரம் ஏற்றுவது அப்பா. அவர் வந்து ஏற்றும்வரை அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். சின்ன வயதிலிருந்து வெண்ணிலாவும் கூடப் போய் இதைப் பார்த்திருக்கிறாள்.

இன்று ஜூலை ஏழு. இன்று அப்பா கேட்டார்.

சட்டைக்குள் ஒரு கைதான் நுழைந்திருந்தது. இன்னொரு கை சும்மா தொங்கியது. வெண்ணிலா அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

“இளவழகன் மாமா நாளுப்பா.”

“யாரு?” என்றார்.

அப்புறம் கட்டிலில் உட்காரப் போனவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார்.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் திண்டிவனம் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் அவர் கண்ணைத் திறந்து வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கூட வந்தவர்களில் பெரியவர் யார் என்று கேட்டார். பெரியப்பா பச்சைமுத்து முன்னால் போனார். அதே ஆட்டோவில் திரும்பி வந்தபோது பால்காரர் இன்னும் தெருவைத் தாண்டியிருக்கவில்லை.

ஐஸ் பெட்டி வந்தது. வாசலில் பந்தல் கால் ஊன்றினார்கள். அம்மா கொளஞ்சி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், அப்பாவின் ஒரு கை நுழையாத சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். வெண்ணிலாவுக்கும் அழுகை வரவில்லை. காதில் அந்த ‘யாரு’ மட்டும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அலமாரி மேலிருந்த அப்பாவின் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அது நின்று மறுபடியும் அடித்தபோது பெரியப்பா அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். புது ஆட்களிடம் போனில் பேசச் சொன்னால் கொல்லைப்பக்கம் ஓடிப்போகிறவள், எழுந்து போய் எடுத்தாள்.

“அண்ணா, பஸ் ஏறிட்டீங்களா? நானு மீனு கழுவிகினு இருக்கேன்.”

சூர்யகலாவின் குரலுக்குப் பின்னால் கடல் இரைந்தது.

“அத்த, நானு வெண்ணிலா.”

“கண்ணு, அப்பா எங்க?”

“வந்துகினு இருக்காரு.”

வைத்துவிட்டாள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அம்மா சட்டையை மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

“இன்னாடி சொன்ன அவகிட்ட?”

வெண்ணிலா போனை அலமாரி மேலேயே வைத்தாள்.

“உடு கொளஞ்சி” என்றார் பெரியப்பா. “சொன்னது சொன்னதா இருக்கட்டும். அந்தப் பொண்ணு இவன அண்ணன் அண்ணன்னு உயிரா கெடக்குது. சாவு சேதி காதுல வுழுந்துச்சின்னா அப்பறம் படையல தொடுமா? வருஷத்துல புருஷனுக்கு ஒரு நாளு. முடிச்சிட்டு வரட்டும். பொறவு சொல்லிக்கலாம்.”

அப்பா போகாமல் அங்கே படையலே முடியாது என்பது பெரியப்பாவுக்குத் தெரியாது. வெண்ணிலாவுக்குத் தெரியும்.

மாலைகள் வந்தன. பட்டாளத்தில் இருந்த பழைய ஆட்கள் மயிலத்திலிருந்து ஒரு கொடியோடு வந்து, பெட்டிக்கு முன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. வெண்ணிலா அதைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வெயில் உச்சியில் நின்றது. வெந்த மீன் ஆறி, சோறு காய்ந்து, அத்தை வாசலைப் பார்த்துக்கொண்டு பட்டினியாக உட்கார்ந்திருப்பது அவள் மனசில் தெரிந்தது. போனைக் காதில் வைத்தாள்.

“எந்த எடத்துல வர்றாரு கண்ணு? இன்னும் காணமே.”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அப்போது வாசலில் மேளக்காரர்கள் வந்து மேளத்தை நெருப்பில் காட்டிக் காய்ச்சத் தொடங்கி, ஒரு முறை தட்டிப் பார்த்தார்கள்.

“இன்னா சத்தம் அது?”

“கோயில்ல அத்த.” போனைக் கையால் பொத்திக்கொண்டாள். “அத்த, அப்பாவுக்கு இன்னிக்கு வர முடியல. உங்களையே கற்பூரம் ஏத்தச் சொன்னாரு. மாமா பேரச் சொல்லி ஏத்தச் சொன்னாரு.”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை மூடிவைக்கும் சத்தம் கேட்டது.

“அண்ணன் சொன்னாரா?”

“உம்.”

“ஒடம்பு எதுனா முடியலையா?”

“லேசா.”

“சரி கண்ணு. ஏத்திர்றேன்.”

கொஞ்ச நேரத்தில் அப்பாவைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனை வரை போய் நின்றுகொண்டார்கள். மேளச் சத்தம் சுடுகாட்டுப் பக்கம் தேய்ந்து மறைந்தது. வீட்டைக் கழுவிவிட்டார்கள். அப்பா கிடந்த இடத்தில் ஒரு விளக்கு வைத்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் சூர்யகலா வந்தாள். பாண்டி வந்து பஸ் மாறியிருக்க வேண்டும். உடம்பு முடியாத அண்ணனுக்குப் படையல் சோறு கொண்டு வந்திருந்தாள். நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. பந்தலைப் பார்த்தாள். தரையில் நசுங்கிக் கிடந்த பூவைப் பார்த்தாள். தூக்குச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்து விளக்கின் முன் நின்றாள். மீன் குழம்பு வாசனை கழுவிய வீட்டுக்குள் பரவியது.

அப்போதுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது. சூர்யகலாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். சூர்யகலா அழவில்லை. குனிந்து அவள் முதுகைத் தடவினாள்.

“எப்ப அண்ணி?”

“காலைலயே. சட்ட போட்டுக்கினு இருக்கசொல்ல. உன் ஊட்டுக்கு வரத்தான் கெளம்பினாரு.”

சூர்யகலா தலையாட்டினாள். காலையில் என்றால், தான் முதல் தடவை போன் செய்தபோதே. அவள் கண் மெதுவாக நகர்ந்து, சுவரோரம் நின்ற வெண்ணிலாவிடம் வந்தது. கோபம் இல்லை. கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

“கடைசியா எதுனா பேசினாரா அண்ணி?”

“அவதான் கூட இருந்தா” என்றாள் அம்மா.

சூர்யகலா வெண்ணிலாவின் பக்கத்தில் வந்தாள்.

“மாமா பேரச் சொன்னாருன்னியே கண்ணு. நெஜமாவே சொன்னாரா?”

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை போதும். மதியம் எவ்வளவு சுலபமாக வந்தது. வெண்ணிலா வாயைத் திறந்தாள். அப்பாவின் முகமும், தொங்கிய கையும், அந்த ‘யாரு’வும்தான் வந்தன. தரையைப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் காயாமல் ஓரத்தில் தேங்கியிருந்தது. அதில் சூர்யகலாவின் பாதங்கள் வெகுநேரம் அசையாமல் நின்றன.

பிறகு அவை திரும்பின.

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. மத்தியானம் வந்தவர்களும் அப்படித்தான் எழுந்து போனார்கள். சூர்யகலா பந்தலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். சோறு குறையாத தூக்குச் சட்டியை ஒரு தடவை கை மாற்றிக்கொண்டாள். பஸ் நிற்கும் ரோடு எந்தப் பக்கம் என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, நடந்தாள்.