சாந்தினி நின்ற வாசல்

பேண்டு செட் வாசித்துக்கொண்டே முன்னால் போய்விட்டது. ஆடிக்கொண்டிருந்த பையன்களும் போய்விட்டார்கள். மாப்பிள்ளை வெயிலுமுத்து மட்டும், தலைப்பாகையும் முகத்தை மறைக்கும் பூச்சரமுமாகக் குதிரைமேல் உட்கார்ந்தபடி சைனப் மைனியின் பலசரக்குக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். குதிரை எங்களுடையது. பெயர் சாந்தினி. வெள்ளைக்காரி. என் வீட்டுக்காரர் பிரம்மநாயகம் கடிவாளத்தை இழுக்கிறார், கழுத்தைத் தட்டுகிறார், "சல் பேட்டி, சல்", நட மகளே நட என்று இந்தியில் கெஞ்சுகிறார். மகாராணி காதில் வாங்கினால்தானே! கடைக்குள் தலையை நீட்டி வெல்லப் பெட்டியை மோந்துகொண்டிருக்கிறாள்.

அவள் ஏன் அங்கே நின்றாள் என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று சைனப் மைனி. இன்னொன்று நான்.

எங்கள் ஊர்ப் பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார்தான். தாராவிக்கு வந்த நம் ஆட்களுக்கு, சேட்டு வீட்டுக் கல்யாணங்களைப் பார்த்துப் பார்த்து, குதிரை இல்லாமல் கல்யாணமே இல்லை என்றாகிவிட்டது. கூடவே ஒரு சட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஏறுகிற குதிரையில் பொம்பளை ஏறக் கூடாதாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் ஏறினாள் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அந்தக் குதிரையை நல்ல காரியத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே சாந்தினியால்தான். அது தெரிந்தும்தான் ஏறினேன்.

நாம் வேர்ல்டு கப் ஜெயித்த வருசம், மழையில் வழுக்கி விழுந்து அவர் கையை ஒடித்துக்கொண்டார். குதிரையைச் சும்மா கட்டிப் போட்டால் கால் வீங்கிவிடும், வயிறு உப்பிவிடும். தினமும் நடத்தியே ஆக வேண்டும். "நீ கூட்டிட்டுப் போயிட்டு வா கோமதி" என்றார். நான் அப்போது இருந்த லட்சணத்துக்கு என்னை யாராவது கைபிடித்து நடத்தினால் தேவலை. வருசக்கணக்காகத் தரையில் சம்மணம் போட்டுத் தோல் பை தைத்த இடுப்பு. எழுந்தால் வளைந்தபடியே நிற்கும். மகளை முலுண்டில் கட்டிக்கொடுத்த பிறகு தூக்கமும் போயிற்று. வெங்காயம் அரியாமலே கண்ணில் தண்ணீர் வரும். ஆஸ்பத்திரியில் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, நன்றாக நடங்கள் என்றார்கள். எங்கே நடப்பது? எங்கள் சந்தில் சாந்தினி வந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

விடியுமுன்னே அவளைப் பிடித்துக்கொண்டு மாஹிம் உப்பங்கழி ஓரம்வரை போய் வருவேன். ஒருநாள் திரும்பும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. வீடுவரை நடக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அங்கே ஆள் உயரத்துக்குத் தண்ணீர்க் குழாய் போகிறதே, பக்கத்துப் படிக்கல்லில் கால் வைத்து எப்படியோ தவழ்ந்து அதன் மேல் உட்கார்ந்து அழுதேன். சாந்தினி பக்கத்தில் வந்து, விலாவைக் குழாயோடு ஒட்டி நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தேன். நாய்களைத் தவிர யாருமில்லை. மராத்திக்காரி மாதிரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன்.

அம்மாடி, என்ன பயம்! ஆனால் கூனிக்கொண்டு உட்கார்ந்தால் விழுந்துவிடுவோம், முதுகு தானாக நிமிர்ந்தது. நடக்கிறவள் அவள், அந்த நடை வந்து சேர்ந்தது என் இடுப்புக்குள். தைத்துத் தைத்து இறுகிப்போன ஏதோ ஒன்று உள்ளே இளகுகிற மாதிரி இருந்தது. எங்கள் வரிசையின் தகரக் கூரைகளை அன்றைக்குத்தான் மேலிருந்து பார்த்தேன். ஒற்றைச் செருப்பு, ஓட்டை வாளி, யாரோ பிள்ளை அடித்துத் தொலைத்த பந்து. இத்தனை நாள் இதற்கெல்லாம் கீழேயேதான் கிடந்திருக்கிறேன். அன்று மத்தியானம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

அப்புறம் தினமும் ஏறினேன். சைனப் மைனி ஒருநாள் கடை திறக்க வந்தவள் பார்த்துவிட்டாள்.

"அல்லாவே! ஏ கோமதி, என்ன புள்ள இது?"

"மைனி, யாருகிட்டயும் சொல்லிராதிய."

"நான் ஏன் சொல்லுதேன்? எறங்காத, அப்பிடியே இரு. பாக்க நல்லாத்தான் இருக்கு."

உள்ளே போய் ஒரு துண்டு வெல்லம் எடுத்துவந்து சாந்தினிக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் அந்த வாசலில் ஒரு நிறுத்தம், ஒரு வெல்லம், ஐந்து நிமிசப் பேச்சு. தீபாவளிக்கு வந்த மகள் வாசலிலேயே நின்று, "அம்மா, நீ வளந்துட்டியா?" என்று கேட்டாள். அவரோ, நடை உனக்கு ஒத்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை சரியான பிறகும் காலை நடையை நான் விடவில்லை.

இப்போது கல்யாணக் கூட்டத்தின் நடுவில் கழுதை, இல்லை, குதிரை என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் பக்கத்தில் போனேன். வெல்லத்தை விட்டுவிட்டு என் தோளில் மூக்கை வைத்துத் தேய்த்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஆறுமுகத்தாய் லேசுப்பட்டவள் இல்லை. "வெள்ளனத்துல எவளோ குதிரமேல போறான்னு எம் மருமவன் சொன்னான். சாராயத்துல ஒளறுதான்னு நெனச்சேன். நீதானாட்டி அது?"

"சேச்சே, அவ நடத்திக் கூட்டிட்டுப் போவா, அவ்வளவுதான்" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆமாம் என்று நான் தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். நிமிர்ந்த முதுகு சட்டென்று குனியவில்லை.

"உங்க மருமவன் சொன்னது நெசந்தான்க்கா. நாந்தான். தெனமும் ஏறுதேன். எந்திரிச்சு நிக்க மாட்டாமக் கெடந்தவ இன்னைக்கு ஒங்க ரெண்டாம் மாடிக்குச் சீர்த்தட்டத் தூக்கிட்டு வந்தேனே, எப்பிடின்னு நெனச்சிய?"

பேண்டு நின்றுவிட்டது. பேண்டு மாஸ்டர் சிராஜ் திரும்பி வந்து பார்த்தார். ஆறுமுகத்தாய் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை பூச்சரத்தை விலக்கினான்.

"யம்மா, சண்டைய அப்புறம் வச்சுக்கிடுங்க. மேல இருக்கவன் நானு. சித்தி, கவுத்த நீங்க பிடிங்க."

ஒருத்தி சிரித்தாள், பிறகு பத்துப் பேர் சிரித்தார்கள். ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை. "நல்ல நேரம் போவுது" என்று மட்டும் சொன்னாள். என் வீட்டுக்காரர் கடிவாளத்தை என் கையில் கொடுத்தார். நான் இழுக்கவில்லை, நடந்தேன். சாந்தினி வந்தாள். ஊர்வலத்துக்கு முன்னால் குதிரை பிடித்துப் போன பொம்பளையைத் தாராவி அன்றைக்குத்தான் பார்த்திருக்கும். மண்டபம்வரை ஓரிடத்தில்கூட நான் தலையைக் குனியவில்லை.

மறுநாளே சிராஜ் வந்து சொன்னார். தாணேயில் சாந்தினியைப் பேசி வைத்திருந்த கல்யாண வீட்டில் வேறு குதிரை பார்த்துக்கொண்டார்களாம். என் வீட்டுக்காரர் காதில் வாங்கிக்கொண்டார். சிராஜ் போன பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார்.

"சொன்னா விட்டிருப்பியளா?"

யோசித்துப் பார்த்துவிட்டு, "விட்டிருக்க மாட்டேன்" என்றார். இனி ஏறாதே என்று சொல்லப்போகிறார் என்று ராத்திரி முழுக்க எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லிவிட்டால் அதை மீறி ஏற எனக்கு மனசு வராது.

அடுத்த நாள் நான் எழுந்தபோது பாயில் அவர் இல்லை. வாசலில் சாந்தினி நின்றாள். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற சரிகைச் சேணத்தைத் துடைத்துப் போட்டிருந்தார். அவள் பக்கத்தில் எங்கள் வீட்டு முக்காலி. நான் அதில் காலை வைத்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு. விடியட்டும்."

இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து டீ குடித்தோம். குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களோடு வரிசை கூடியது. அதில் ஆறுமுகத்தாயும் இருந்தாள். கூரைகளின் மேல் வெயில் விழுந்த பிறகு அவர் எழுந்து முக்காலியை நகர்த்தி, ஆடாமல் காலால் மிதித்துக்கொண்டார். நான் ஏறினேன். வரிசையில் இருந்தவர்கள் குடங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். கடைசிக் குடம் ஆறுமுகத்தாயினுடையது. அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, சாந்தினிக்கு வழி விட்டாள்.