முதுகில் ஒரு பெயர்

முப்பது வருஷமாக ஊரார் புத்தகங்களுக்கெல்லாம் சட்டை தைத்துப் போட்டவர், அதாவது அட்டை வடிவமைத்தவர், அட்டைக்காரர். எழுத்தாளர்கள் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். லேசில் பிடி கொடுக்க மாட்டார். பெற்ற மகள், தான் எழுதிக்கொண்டிருந்த நாவலுக்குக் கேட்டபோதும் அதே பிகுதான்.

"அப்பா, புத்தகம் அலமாரியில நிக்கிறப்போ அட்டையா தெரியுது? முதுகுதான் தெரியும். என் பேரை அங்க பெருசாப் போடணும்."

"முதல்ல கதையை முடிம்மா. அரைக் கதைக்கு ஏது முதுகு?"

அவள் சிரித்தாள். எழுபத்திரண்டாம் பக்கம் எழுதும்போது காய்ச்சல் என்று படுத்தவள், ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

அந்த எழுபத்திரண்டு பக்கத்துக்குத்தான் இப்போது அட்டை. முன்பக்கம் ஒரே மூச்சில் முடிந்தது. முதுகுதான் முரண்டு பிடித்தது. மூன்றரை மில்லிமீட்டர். அதில் பெயரை வைத்தால், அட்டையை மடிக்கும்போது இம்மி பிசகினாலும் பெயர் முன்பக்கத்துக்குச் சரிந்துவிடும்.

பழைய சிநேகிதரான பதிப்பாளர் பக்குவமாகச் சொன்னார். "அண்ணே, முதுகைச் சும்மா விட்டுடுவோம். நீங்களே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க!"

சொல்லியிருக்கிறார்தான். ஈவிரக்கமில்லாமல் சொல்லியிருக்கிறார்.

"கடைசியில வெள்ளைத் தாள் சேருங்க. அறுபத்திநாலு பக்கம். முதுகு தடிக்கட்டும்."

"வெறும் பேப்பரா? படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும். எம்பொண்ணு பேரு நிக்கணும்."

'முற்றுப்பெறாத நாவல்' என்று உள்ளே ஒரு வரி போடலாமா என்றதற்கும் ஒப்பவில்லை. மகளைக் குறை சொல்வதுபோல இருந்தது அவருக்கு.

புத்தகம் வந்தது. பெயர் பெரிதாக, நேராக நின்றது. அலமாரிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனசு கொஞ்சம் ஆறியது. அந்த ஆறுதலுக்கு ஆயுசு பத்தே நாள்.

பதினோராம் நாள் பதிப்பகத்துக்குப் போயிருந்தார். பதிப்பாளர் டீ குடிக்க இறங்கிய நேரம் போன் அடித்தது. எடுத்தார். மகள் வயசுக் குரல்.

"சார், நான் வாங்கின புத்தகத்துல பாதி அச்சாகவே இல்ல. கதை நல்ல கட்டத்துல வந்து நின்னுடுது. வேற காப்பி தர முடியுமா?"

"எல்லாக் காப்பியும் அப்படித்தாம்மா."

"அய்யோ! அப்போ எழுதினவங்ககிட்ட மீதியைக் கேட்டு வாங்கிப் போட்டுடுங்க சார். அவசரமில்ல, நான் காத்திருக்கேன்."

"கேக்கறேம்மா" என்றார்.

வாய் தவறி வந்துவிட்டது. யாரிடம் போய்க் கேட்பார்? போனைக்கூட வைக்காமல் மேஜையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதார். அந்தப் பக்கம் அந்தப் பெண் "சார்... சார்..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.