மதில் தாண்டி மேய்ந்த சேவல்

சேவலின் இரைப்பையைக் கீறியபோது கத்தி நறுக்கென்று எதிலோ இடித்தது. கிறிஸ்டினா விரலால் விரித்துப் பார்த்தாள். நெல், தவிடு, பொடிக் கற்கள். எந்தக் கோழியை அறுத்தாலும் இருப்பவைதான். நடுவே சுருள் சுருளாக இரும்புச் சீவல், நீலப் பெயின்ட் செதில்கள். கிண்ணத்தில் போட்டுக் கழுவினாள். கழுவக் கழுவ இன்னும் பளபளத்தன.

புதுவாயலில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பெனியின் மதில். கோழிகள் காலையில் அதைத் தாண்டிப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்பும். கூண்டு கட்டலாம் என்று அவள் புருஷன் ஜோஷ்வா எத்தனையோ முறை சொல்லிவிட்டான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள் அவள்.

"அந்தாண்ட இன்னா கீதுன்னு உனக்குத் தெரியுமா? நாய் வேற சுத்திக்கினு கீது."

"நாய் உன்னையே புடிக்கல, என் கோழியவா புடிக்கப் போவுது? அடைச்சு வச்சா அதுக்குப் பேரு நாட்டுக்கோழியா?"

மேய்கிற கோழி முட்டைதான் மருந்து என்று தெருவுக்கே சொன்னவள். ஜோஷ்வாவின் தங்கை ஸ்நேகா கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டானதிலிருந்து, மணவாள நகரில் அவள் வீட்டுக்கு வாராவாரம் முட்டை போகிறது. கொடுத்தனுப்புவதில் கிறிஸ்டினாவுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இன்று கோயில் முடிந்து ஸ்நேகாவே வந்திருக்கிறாள். சேவல் அவளுக்காகத்தான்.

"அண்ணி, எரப்பைய அண்ணனுக்குப் போட்டுடாத. எனக்கு வாய் ஊறுது," என்று இடுப்பில் கை வைத்தபடி சமையலறைக்குள் வந்தாள்.

கிறிஸ்டினாவின் உள்ளங்கை கிண்ணத்தை மூடிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைகூட இல்லை. பூனை தூக்கிப் போய்விட்டது என்றால் போதும். கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்று முட்டையையும் நிறுத்திவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. கையை எடுத்தாள்.

"இதப் பாரும்மா."

ஸ்நேகா ஒரு செதிலை எடுத்து நகத்தால் சுரண்டினாள். "இன்னா அண்ணி இது?"

"சேவல் வயித்துல இருந்துச்சு. அந்தாண்ட மேஞ்சது."

ஜோஷ்வா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான். அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். அவன் அடுப்பை அணைத்துவிட்டு, கூண்டுக்குக் குழி தோண்டக் கடப்பாரையைத் தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான்.

"முட்டையிலயும் கலந்திருக்குமா அண்ணி?"

"தெரிலம்மா." நிஜமாகவே தெரியவில்லை. கிறிஸ்டினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நாளைக்கு டாக்டராண்ட போலாம். நானும் வரேன். நானே சொல்றேன், நான்தான் குடுத்தேன்னு."

ஸ்நேகா குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறுபடியும் சோப்புப் போட்டாள். கொல்லையில் கடப்பாரை குத்தும் சத்தம் கேட்டது. மண்ணைக் கிளறியதும் புழு கிடைக்குமென்று கோழிகள் அங்கே ஓடிவந்து கொக்கரித்தன.

ஸ்நேகாவின் கட்டைவிரல் நகக்கண்ணில் ஒரு துளி நீலம் ஒட்டியிருந்தது. கிறிஸ்டினா தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி, அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் இழுத்து வைத்துக்கொண்டு, வலிக்காமல் நோண்டத் தொடங்கினாள். ஸ்நேகா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.