அணியத்தில் ஒன்பது முடிச்சு

"கைய வைக்காத! எவனும் கைய வைக்காத!"

லோகநாதன் போட்ட சத்தத்தில், கருவாட்டைக் குறிவைத்துப் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. காப்பித் தூக்கோடு கரைக்கு வந்துகொண்டிருந்த பெனிட்டா அப்படியே நின்றாள்.

லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் அவருடைய ஃபைபர் போட் ஏறி நின்றது. நடுக்கடலில் இஞ்சின் செத்து, வேறொரு போட்டின் பின்னால் இழுபட்டு வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. மூன்று நாளாய் மீன்பாடு இல்லை. வலையில் வந்ததெல்லாம் சொறிமீனும் குப்பையும். இப்போது ஸ்பானர் தேடி, போட்டின் முன்மூக்கான அணியத்தில் பலகையைத் தூக்கியவர்தான் அலறினார். ஊர்த் தலைவர். அறுபது வயதுவரை எதற்கும் அலறாத மனிதர்.

ஒரு குச்சியால் அதைத் தூக்கிக் காட்டினார். ஒரு முழக் கயிறு. ஒன்பது முடிச்சு. நடுவில் கடற்காக்கை இறகு. நுனியில் ஓட்டை விழுந்த சிப்பி.

"செய்வினை" என்றது கூட்டத்தில் ஒரு குரல். முன்னால் நின்றவர்கள் ஒரு எட்டு பின்வாங்கினார்கள்.

பெனிட்டாவின் கையில் தூக்கு கனத்தது. அந்த முடிச்சுகளை எண்ண வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. ஒவ்வொன்றாய் இறுக்கி, மூன்று நாளைக்கு முன் தன் புருஷன் போகிற அந்தப் போட்டில் வைத்தவளே அவள்தான்.

"நூலப் பாருங்கடா" என்றார் லோகநாதன். "செங்கல் கலரு. இந்த ஊர்ல யாரு வலையில இந்தக் கலரு இருந்துச்சு?"

தலைகள் எல்லாம் ஒரே பக்கமாய்த் திரும்பின. அங்கே கருவாடு காயும் களத்தைச் சுற்றி, செங்கல் நிற வலையில் ஒரு வேலி. கஸ்தூரியம்மாளின் களம்.

அது கஸ்தூரியின் புருஷன் சரவணனின் வலை. சூலூர்ப்பேட்டையில் ஆசைப்பட்டு வாங்கிய நூல். அந்த நிறம் இந்தக் கரையில் வேறு யாரிடமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் சரவணன் கடலோடு போனான். வலை மட்டும் கரை ஒதுங்கியது. ஆளைக் கொண்டுபோன வலையின் ஒரு நூல்கூட ஓடுகிற போட்டில் ஏறக்கூடாது என்பது குப்பத்தில் எழுதாத சட்டம். விற்கவும் முடியாமல், எரிக்கவும் மனசில்லாமல், கஸ்தூரி அதை நாய்க்கு வேலியாகக் கட்டி வைத்தாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அனுப்பம்பட்டிலிருந்து வாழ வந்த பெனிட்டாவுக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது. வேலியில் அழகாய் ஒரு நூல் தொங்கியது. அறுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

கஸ்தூரியைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயது, நெஞ்சு நிமிர்ந்த நடை. கயிற்றைப் பார்த்தாள். முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது.

"என் வீட்டுக்காரரு நூலுதான். நான் கட்டல."

"அப்ப சாயங்காலம் நாலு மணிக்கு கங்கையம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிடு. முடிஞ்சிச்சு."

"செய்யாத தப்புக்கு நான் எதுக்கு தலைவரே கற்பூரம் அணைக்கணும்? புருஷன் போனவள்னா எது வேணா கேப்பீங்களா?"

"பண்ணலன்னா ஊர் விலக்கு" என்றார் லோகநாதன்.

களம் போகும். எந்தப் போட்டும் அவளுக்கு மீன் போடாது. யாரும் பேச மாட்டார்கள். கஸ்தூரி வந்த நடையிலேயே திரும்பிப் போனாள். அவள் சத்தியம் பண்ணப்போவதில்லை என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

மணி பத்து. இன்னும் ஆறு மணி நேரம்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பெனிட்டா, போனை எடுத்து 'நிலா வட்டம்' குழுவைத் திறந்தாள்.

போன ஐப்பசிப் புயலில் அவள் புருஷன் ரமேஷ் இரண்டு நாள் கரை திரும்பவில்லை. அப்போது கும்பிட அவளுக்கு ஒரு இடம் இருக்கவில்லை. காதல் கல்யாணத்தோடு அப்பா வின்சென்ட் அவளைத் தலைமுழுகிவிட்டார்; அந்தக் கோபத்தில் அவள் மாதா கோயிலைத் தலைமுழுகினாள். அம்மன் கோயிலில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. போனைத் தடவித் தடவி உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளில்தான், நிலாவையும் காற்றையும் கும்பிடுகிற நாற்பது பேர் கிடைத்தார்கள். தங்களைச் சூனியக்காரிகள் என்று தாங்களே சிரித்துக்கொண்டு சொல்லிக்கொள்கிறவர்கள். பொன்னேரி காலேஜில் படித்த இங்கிலீஷ் முதல்முறையாக உபயோகப்பட்டது.

நாற்பது பேரும் நாற்பது வழி. பெங்களூர் சோபியா, விக்கா என்கிற இந்தக் காலத்துச் சூனிய மரபுக்காரி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மொட்டைமாடியில் வட்டம் போடுவாள். டென்மார்க்கில் ஒருத்தர் பழைய இடி தேவனைக் கும்பிடுகிறவர். வேல்ஸ் நாட்டுப் பெரியவர் ஒருவர் மரங்களோடு பேசுகிற துரூயிட், பழங்காலப் பூசாரி மரபுக்காரர். சாமியே கிடையாது, மூலிகை மட்டும்தான் என்கிற ஒருத்தியும் உண்டு. ஸ்காட்லாந்து தீவுக்காரி ஒருத்திதான் கயிற்று வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் காலத்தில் அவள் ஊர்ப் பெண்கள் காற்றைக் கயிற்றில் முடிந்து கப்பல்காரர்களுக்கு விற்றார்களாம்.

நடந்ததையெல்லாம் எழுதினாள். என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

சோபியா உடனே எழுதினாள்: "நாம் அனுப்புவது மூன்று மடங்காய்த் திரும்பும். உன் பாரத்தை இன்னொருத்தி சுமந்தால் அதுவும் சேர்ந்து திரும்பும்."

தீவுக்காரி: "இதற்காக எங்கள் ஊரில் பெண்களை எரித்தார்கள். வாயைத் திறக்காதே."

டென்மார்க்: "செய்ததை என் பெயரில் செய்தேன் என்று எழுந்து நில். மானம் என்பது அதுதான்."

துரூயிட் பெரியவர்: "கடலிடம் கேள்."

கடலிடம் கேட்டுத்தானே இவ்வளவும் வந்தது! பெனிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூலிகைக்காரி முதலில் ஒரு துளசி டீ குடிக்கச் சொன்னாள். அதற்குள், முடிச்சுக் கயிறு ஸ்காட்லாந்து மரபா பின்லாந்து மரபா என்று குழுவில் சண்டை மூண்டது. அவளுடைய பிரச்சினை பதினேழு மெசேஜுக்கு மேலே போய் மறைந்தது.

கதவு திறந்தது. ரமேஷ், இஞ்சின் எண்ணெய் அப்பிய கையோடு.

"கஸ்தூரிக்கா இப்டிப் பண்ணும்னு நான் நெனக்கவே இல்ல பெனி."

"அவங்க பண்ணல. நான்தான் கட்டினேன்."

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அவள் போனைக் காட்டினாள், எல்லாம் சொன்னாள். பாதியில் அவன் கையெடுத்துத் தடுத்தான்.

"இன்னா வேணா கும்புட்டுக்க. ஆனா வாயத் தொறக்காத. சர்ச்சுக்கும் போல, கோயிலுக்கும் வரல, இவ இன்னாதான் கும்புடுறான்னு ஏற்கெனவே கேக்குறாளுங்க. தெரிஞ்சா உன்னத் தொரத்திடுவானுங்கடி."

"அப்ப கஸ்தூரிக்காவத் தொரத்தட்டுமா?"

ரமேஷ் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமான பிறகும் துடைத்தான்.

நாலு மணி. கங்கையம்மன் கோயில் வாசலில் குப்பமே கூடியிருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்தது. லோகநாதன் பக்கத்தில் குச்சியோடு அந்தக் கயிறு. எதிரே கஸ்தூரி, கைகட்டி, உதடு இறுகி.

"கடைசியாக் கேக்குறேன். அணைக்கிறியா இல்லியா?"

"மாட்டேன்."

"சரி. அப்ப ஊரு சொல்றது இன்னான்னா..."

"மாமா!"

பெனிட்டாவின் குரல் அவளுக்கே அந்நியமாய்க் கேட்டது. கூட்டம் விலகியது. நடந்தாள். கால் மணலில் புதைந்து புதைந்து எழுந்தது.

"அத நான்தான் கட்டினேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. வேலியில தொங்கினத அறுத்துக்கிட்டேன். மூணு நாளைக்கு முன்னாடி, எங்க வீட்டுக்காரரு போற போட்டாச்சேன்னு வெச்சேன். யாரு நூலுன்னு எனக்குத் தெரியாது மாமா."

கற்பூரம் சடசடத்தது. லோகநாதன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"போன்ல."

"போன்ல!" அவர் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டீங்களா? போன்ல செய்வினையாம். யம்மாடி, பக்கத்து வூட்டுக்காரின்னு பாவம் பாத்து அவ பழிய நீ தலையில போட்டுக்காத. நகரு."

பெனிட்டா இதை எதிர்பார்க்கவே இல்லை. உண்மையைச் சொல்லவே பகலெல்லாம் பயந்தவள், இப்போது அதை நம்பவைக்க வழி தெரியாமல் நின்றாள்.

கஸ்தூரிதான் முதலில் அசைந்தாள். இரண்டு எட்டில் வந்து, லோகநாதன் தடுப்பதற்குள் கயிற்றைக் குச்சியிலிருந்து உருவினாள். வெறும் கையால்! பெண்கள் "அய்யோ" என்றார்கள். அவள் முடிச்சுகளை முகத்துக்கு நேராய்ப் பிடித்துப் பார்த்தாள்.

"குப்பம்மா, இங்க வா. இத நம்ம ஊருக்காரி போட்டிருப்பாளா?"

லோகநாதனின் மனைவி குப்பம்மாள் வந்தாள். வலை பின்னிப் பின்னி விரல் காய்த்தவள். குனிந்து பார்த்தவளுக்கு வாய்கோணி ஒரு சிரிப்பு வந்தது.

"தே! இன்னாடி இது முடிச்சு!"

"பெனிட்டா, இன்னொண்ணு போட்டுக் காட்டு" என்றாள் கஸ்தூரி.

பெனிட்டா போட்டாள். இரண்டு முனையை முறுக்கி, முறுக்கின வாலை உள்ளே செருகி, ஒரு இழுப்பு. பத்தாவது முடிச்சு. மற்ற ஒன்பதும் போல அச்சாய் அதே முடிச்சு.

"புல்லுக்கட்டு!" என்று கத்தினாள் குப்பம்மாள். "மாட்டுக்குப் புல்லு கட்டுற முடிச்சுடி இது! இத்தப் போட்டு நம்மாளு யாருன்னா வலை கட்டினா, மீனு சிரிச்சுக்கிட்டே வெளிய போயிடும்!"

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு நாலு பேர். பிறகு வாசலே சிரித்தது. அனுப்பம்பட்டு வயல்வெளியில் பத்து வயதிலிருந்து கட்டிய முடிச்சு. அவளுக்குத் தெரிந்த ஒரே முடிச்சு. பெனிட்டாவின் முகம் சிவந்தது. அந்தச் சிவப்பிலும் மூச்சு மட்டும் லேசாய் வந்தது. நம்பிவிட்டார்கள்.

லோகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, நீதான் கட்டின. அப்ப மூணு நாளாப் பாடு இல்ல, இஞ்சின் செத்துச்சே, அதுக்கு நீ பதில் சொல்லு."

மூச்சு மறுபடி நின்றது.

"நான் சொல்றேன்" என்றான் ரமேஷ். எப்போது அவளுக்குப் பின்னால் வந்து நின்றான் என்று தெரியவில்லை. "எண்ணெய் டியூபு வெடிச்சுக் கெடக்குது. மாத்தணும்னு போன வாரமே உன்கிட்ட சொன்னனா இல்லியா தலைவரே? 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்'னது யாரு?"

லோகநாதன் தொண்டையைக் கனைத்தார். "பாடு?"

"இன்னா கேட்டு முடிச்சு போட்ட?" கஸ்தூரி பெனிட்டாவிடம் திரும்பினாள்.

"போனவங்க திரும்பி வரணும்னு."

"மீனு கேட்டியா?"

"இல்லக்கா. அது தோணல."

"அப்புறம் இன்னா தலைவரே? மீனு கேக்கல, மீனு வரல. ஆளு கேட்டா. இஞ்சின் செத்தும் ஆளு வந்துச்சா இல்லியா?"

கஸ்தூரி கயிற்றை உள்ளங்கையில் சுருட்டினாள். குரல் இறங்கியது.

"மூணு நாளும் அவரு நூலு கடலுக்குப் போயிருக்குது. மூணு நாளும் கரைக்கு வந்திருக்குது. இத்தப் போயி ஆவாதுன்றீங்களே."

காற்றில் கற்பூரம் தானாகவே அணைந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"அந்தாண்ட பலகையத் தூக்கிப் பாத்தியாய்யா?" குப்பம்மாள் புருஷனைக் கேட்டாள். "பாத்திருக்க மாட்ட. நான் வெச்ச எலுமிச்சம்பழமும் உப்புமிளகாப் பொட்டலமும் ஆறு மாசமா அங்கதான் கீது. உன் இடுப்புல தர்கா கயிறு வேற. இவ கட்டினா மட்டும் செய்வினையா?"

லோகநாதன் தன் இடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் அவரும் சிரித்தார். சிரிப்பென்று சொல்ல முடியாது, மூக்கால் ஒரு காற்று.

"சரி சரி. ஊர் விலக்கு கெடயாது. யாருக்கும் கெடயாது. கேக்காம வேலிய அறுத்ததுக்கு அவகிட்ட மன்னிப்பு கேளு. இனிமே போட்டுல எது வெச்சாலும் சொல்லிட்டு வெய்யிங்கடி. இன்னிக்கு எனக்கு மாரே நின்னுடும் போல இருந்துச்சு."

பெனிட்டா கஸ்தூரியின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிடுக்கா" என்றாள். அழுகை வந்தது. கஸ்தூரி அவள் தலையில் லேசாய்க் குட்டினாள்.

"வேலில நூலு நெறயக் கீது. வேணும்னா கேட்டு எடு. அழுவாத, மூக்கு ஒழுவுது."

வீட்டுக்கு வந்ததும்தான் காலையிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை என்பது பெனிட்டாவுக்கு உறைத்தது. ரமேஷ் தட்டைப் போட்டான். மத்திக் குழம்பை அவனே ஊற்றினான். பசி அப்படி ஒரு பசி.

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தாள். சண்டை ஓய்ந்து எல்லோரும் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருக்கிறாயா, பத்திரமா, யாராவது ஏதாவது செய்தார்களா. இருக்கிறேன், எல்லாம் நல்லபடியாய் முடிந்தது என்று இடது கையால் எழுதினாள். இதயங்கள் வந்து குவிந்தன. தீவுக்காரி மட்டும் ஒரு வரி எழுதினாள்: "எரிக்காமல் விட்டார்களே. எனக்கு இப்போதுதான் மூச்சு வந்தது."

பிறகு சோபியா கேட்டாள்: "கடைசியில் அது எந்த மரபு முடிச்சு என்றுதான் தெரிந்ததா?"

பெனிட்டா குழம்புக் கையை நக்கிக்கொண்டே, எழுத்து எழுத்தாய் அடித்தாள்.

"தெரிந்தது. அனுப்பம்பட்டு புல்லுக்கட்டு."