பதினோரு பேர் அழுத்திய பொத்தான்

பங்காருபாளையத்து மாம்பழக்கூழ் பேக்டரியில் இந்த வருஷம் சீசன் வேலைக்குப் பெயர் கொடுப்பது போனில்தான் என்று சொல்லிவிட்டார்கள். லிங்க் வரும், திறந்தால் நம் பெயர் இருக்கும், வருவதாகச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லாதவருக்கு இரண்டு மாத வேலை இல்லை. அந்த இரண்டு மாதம்தான் எனக்கு வருஷத்தின் முதுகெலும்பு.

நான் எழுத்துக் கற்றது நாற்பத்து மூன்று வயதில். பெரிய எழுத்தை நிதானமாகப் படித்துவிடுவேன். சின்ன எழுத்து எறும்பு மாதிரி ஓடும். லிங்க்கைத் திறந்ததும் வந்த பக்கத்தில் மாம்பழப் படம், படத்தின் மேலேயே எழுத்து, ஓரத்தில் ஏதோ ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. 'தாட்சாயணி' என்ற என் பெயரைத் தேடிப் பிடிப்பதற்குள் கண் வலித்தது. கீழே ஒட்டி ஒட்டி இரண்டு பொத்தான். ஒன்று பெரிய சிவப்பு. மற்றது வெளிறிய பச்சை. சிவப்பை அழுத்தினேன். 'நன்றி' என்று வந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய் மதியம் பேக்டரி வாசலில் சூப்பர்வைசர் ஜமீலா என்னைப் பிடித்தாள்.

"இன்னாக்கா, வேலைக்கு வரலன்னு போட்டுட்ட? மகாராணி ஆயிட்டியா?"

 நேரே ஆபீசுக்குள் போனேன். பக்கத்தைச் செய்த சுரேஷ்பாபு திருப்பதியிலிருந்து வந்து லாப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்.

"சிவப்புல ரத்துன்னு தெளிவா போட்டிருக்கேனேம்மா. படிக்கலையா?"

படிக்கலையா என்ற சொல் எனக்குப் பழைய புண். தலை தானாகக் குனிந்தது. "கண்ணு முதல்ல சிவப்புக்குத்தான் போச்சு சார்."

"சிவப்புன்னா நிக்கணும். ட்ராபிக் லைட்டு பாத்ததில்லையா?"

அதற்குள் ஜமீலா பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டாள். "பாபு காரு, ரத்து பண்ணவங்க பதினோரு பேரு. எல்லாரும் பழம் பிரிக்கிறவங்க. அதுல நாலு பேரு பத்தாவது பாஸ்!"

அவர் நிமிர்ந்தார். "அதெப்படி?"

"பழுத்தது சிவப்பு டிரேல போடுவோம் சார், அது உள்ள போவும்," என்றேன். "காய் பச்சை டிரே. அது வைக்கோல்ல காத்துக்கினு கெடக்கும். எங்க கைக்கு சிவப்புன்னா உள்ள போ."

சுரேஷ்பாபு லாப்டாப்பை அருகே இழுத்தார். பிறகு, "எப்படி இருந்தா தெரியும்?" என்றார்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? நீ போட்டுக் காட்டு. நான் பாக்கறேன்."

பக்கத்திலிருந்து மாம்பழப் படத்தை எடுத்துவிட்டார். மின்னுவதை எடுத்தார். பொத்தான் இரண்டையும் கருநீலம் ஆக்கிப் போனை நீட்டினார். என் விரல் நடுவில் நின்றது.

"ஏன் நின்னுட்டே?"

"ரெண்டும் ஒரே அளவா கீதே. எது முக்கியம்னு தெரியல."

என் பெயரைப் பெரிதாக்கினார். அதைச் சுற்றி வெறும் வெள்ளை விட்டார். அதன்கீழே அகலமாக 'வருகிறேன்'. ரொம்பத் தள்ளி, பொத்தானே இல்லாமல், வெறும் எழுத்தாக 'வரவில்லை'. இந்தத் தடவை விரல் போய்விட்டது.

"படிச்சியா?"

"அழுத்தினப்புறம் படிச்சேன் சார்."

அவர் சிரித்துவிட்டார். மணி நான்கேகால். பதினோரு பேருக்கும் புது லிங்க் போனது. ஜமீலா மற்ற பத்துப் பேரையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, உடனே அழுத்தச் சொல்லித் திட்டினாள். ஐந்துக்குள் பதினோரு பெயரும் ஏறிவிட்டன.

கிளம்பும்போது என் போனில் இன்னொரு பக்கம் வந்திருந்தது: வேலை தொடங்கும் நாள், ஷெட் எண், கம்பெனி விதிகள், எல்லாம் ஒரே அளவு எழுத்தில். திரும்பிப் போய்க் காட்டினேன்.

"இதுல காலைல எத்தினி மணிக்கு வரணும்னு எங்க சார் கீது?"

அவர் மறுபடியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.