சேதம் பார்க்க வந்தவர்

காலை வேலை முடிந்து நான் முதியோர் இல்லத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது மேல்மாடி அறை பளபளத்தது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாளுக்கு முன்னர் அடித்த புயலில் எங்கள் பின்பக்கக் கூரையின் ஓடுகள் பறந்து, மழைத் தண்ணீர் அந்த அறையின் சீலிங்கில் இறங்கித் தேத்தண்ணீர்ச் சாயமாய்க் கறை படர்ந்திருந்தது. தீயணைப்புக்காரர் கூரைக்கு நீலத் தறப்பாள் கட்டிவிட்டுப் போனார்கள். காப்புறுதியிலிருந்து சேதம் பார்க்க ஆள் வரும்வரை ஒன்றையும் தொடவேண்டாம் என்று என் மனுசன் செல்வராசாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஓம் ஓம் என்று தலையாட்டினவர், நனைந்த கம்பளத்தைக் குப்பைக்கு ஏற்றி, சீலிங்குக்கு இரண்டு தரம் வெள்ளை அடித்து, மேசையில் வடையும் சுட்டு வைத்திருந்தார்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஒவ்வீசிலயிருந்து வருகினமெல்லே. கிடக்கிற கிடைக்கு விடேலுமே?"

ஜேர்மனியில் இந்த ஹம் நகரத்துக்கு வந்து இந்தப் பழைய வீட்டை வாங்கியபோது காப்புறுதிப் பத்திரங்களை நான்தான் அகராதியோடு குந்தியிருந்து படித்தேன். கட்டடத்துக்கு ஒன்று, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு ஒன்று, லிப்பே ஆறு பெருகினால் அதற்குத் தனியாக இன்னொன்று. ஒன்றில் இல்லாததை மற்றது தராது. காற்று எட்டாம் தரத்துக்கு அடித்தால்தான் அவர்கள் அதைப் புயல் என்றே ஏற்றுக்கொள்வார்கள். செலவு கூடினாலும் மூன்றையும் எடுக்க வைத்தேன். வராத புயலுக்கு வருசா வருசம் தெண்டம் என்று இவர் முணுமுணுத்தார். இப்போது கூரையும் சீலிங்கும் முதலாவதில் வரும், கம்பளம் இரண்டாவதில் வரும். எல்லாம் சரி, காட்டுவதற்குச் சேதம் வேண்டுமே! இதை விட்டால் சீலிங்கை எங்கள் கைக்காசில்தான் கட்டவேண்டும்.

திட்ட வாய் திறந்தவள் நிறுத்திக்கொண்டேன். அகதிகள் விடுதியில் ஆறு வருசம் இருந்தவர் இவர். அறை பார்க்க அதிகாரி வருகிறார் என்றால் விடியமுன்னரே எழும்பி நிலம் துடைத்து, அயர்ன் பண்ணிய சட்டையோடு கட்டிலருகே நிற்பாராம். அழுக்கைக் கண்டு ஏதும் எழுதிவிட்டால் விசாவுக்குப் பிசகிவிடும் என்று பயம். இப்போது கையில் ஜேர்மன் பாஸ்போட் இருக்கிறது, பயமும் கூடவே இருக்கிறது. பாவமாய்த்தான் இருந்தது. அதற்காகக் கோபம் போய்விடவில்லை.

வந்தவர் ப்ரிங்க்மன் என்ற பெண்மணி. அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"கூரையை வெளியே பார்த்துவிட்டேன், அது சரி. இங்கே சேதம் எதுவும் இல்லையே?"

நல்ல பெயர் கிடைத்ததுபோல் இவர் சிரித்தார். நான் ஜேர்மன் மொழியில் நடந்ததைச் சொன்னேன்: சீலிங் ஊறிப்போயிருக்கிறது, நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் வெள்ளை அடித்தார்.

"நம்புகிறேன். ஆனால் கண்ணால் காண்பதைத்தான் நான் எழுதலாம்" என்று பேனாவை மூடினார்.

நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"இஞ்ச பாருங்கோ. இவ எங்களில பிழை பிடிக்க வரேல்ல. நாங்கள் கட்டின காசுக்குத்தான் வந்தவ. ஊத்தையைக் காட்டுங்கோ."

"வெள்ளை அடிச்ச இடத்தையோ?"

"ஓம், அதைத்தான்."

இவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு மூலையில் நின்ற, நிலம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துச் சீலிங்கை மெதுவாகத் தட்டினார். சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஒரு குத்து. ஊறிய பலகை பிளந்து, மண்ணிறத் தண்ணீரும் சாந்துமாய் இவர் தலையிலும் வெள்ளைச் சட்டையிலும் கொட்டியது. ப்ரிங்க்மன் "ஓ!" என்று பின்வாங்கிக் கமராவை எடுத்தார்.

"வாங்கோ" என்றார் இவர் அவரிடம், தமிழிலேயே. "மேல இன்னும் மோசம்."

முகத்தில் வழிந்ததைக்கூடத் துடைக்காமல் பரணுக்குப் போகும் படிகளில் ஏறினார். படிக்குப் படி இவருடைய சேற்றுக்கால் பதிந்தது. அந்தச் சுவடுகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து ப்ரிங்க்மன் பின்னால் ஏறினார்.