தயாரிப்பாளர் போட்ட டீ

ஒன்பது வருஷமாக ஒரு டிவி நகைச்சுவைத் தொடரில் டெஸ்மண்ட் பார்கெட்டருக்குத் துணைத் தலைமையாசிரியர் விட்கோம் வேஷம். வாரா வாரம் பையன்கள் தடவிவைத்த பசையில் உட்கார்ந்து நாற்காலியோடு எழுந்திருப்பது, தலைமையாசிரியர் அறையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது, இதுதான் அவர் பிழைப்பு. மான்செஸ்டரில் கடைகண்ணிக்குப் போனால் ஜனங்கள் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கத்தைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

அன்று ஒத்திகை முடிந்ததும் தயாரிப்பாளர் பிலிப்பா தன் கையாலேயே டீ போட்டுக் கொண்டுவந்தாள். கூடவே சாக்லேட் பிஸ்கட்.

"நீங்க இல்லாம இந்தத் தொடரே இல்ல, டெஸ்மண்ட். ஷூட்டிங் முடிஞ்சதும் ஒரு சின்னப் பேச்சு. அவசரமெல்லாம் இல்ல."

டெஸ்மண்ட் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஊரில் முதலாளி முறைத்தால் வேலை பத்திரம். டீ போட்டுக் கொடுத்தால் சீட்டுக் கிழிந்தது.

"என்ன கண்ணு, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் மேவிஸ். தொடரில் அவள் சாப்பாட்டுக்கூடத்து ஆயா.

"பிலிப்பா டீ போட்டுத் தந்தா."

"அடக் கடவுளே. பிஸ்கட்?"

"சாக்லேட்."

மேவிஸ் அவர் தோளைத் தடவினாள். "அந்த சயின்ஸ் வாத்தியாருக்கு வெறும் பிஸ்கட்தான் குடுத்தா. மறுவாரமே கதையில பஸ்ஸ ஏத்திக் கொன்னுட்டாங்க."

"நேராவே கேட்டுடட்டா?"

நடுத்தெருவில் கால்சட்டையைக் கழற்றட்டுமா என்று கேட்டதைப் போல மேவிஸ் அவரைப் பார்த்தாள். "கேக்கறதா? பாவம், அவளுக்கு எவ்வளவு சங்கடம்! நீயா முந்திக்கிட்டு கௌரவமா விலகிடு. மரியாதையாவது மிஞ்சும்."

சாயங்காலம் ஷூட்டிங் பார்க்க வந்த பார்வையாளர்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனதும் பிலிப்பா வந்தாள்.

"டெஸ்மண்ட், அடுத்த சீசன்ல நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு மாற்றம்..."

"சொல்லவே வேணாம்!" டெஸ்மண்ட் கையை உயர்த்தினார். "நானே விலகிக்கறேன். புது ஆளுங்களுக்கும் வழி விடணுமில்லையா?"

பிலிப்பா கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டாள். "அப்படியா... உங்க முடிவுல நான் தலையிடறது நல்லாருக்காது."

"நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"சேச்சே, ஒண்ணுமில்ல."

அவள் தோளுக்குப் பின்னால், செட்டிலிருந்த தலைமையாசிரியர் அறைக் கதவில் தச்சன் புதுப் பித்தளைப் பெயர்ப்பலகை ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தான். 'திரு. விட்கோம், தலைமையாசிரியர்'.

தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பெருந்தன்மையாகத் தூக்கிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா? அதற்குக் கால்சட்டையைக் கழற்றுவதே மேல்.

"டீ ரொம்ப நல்லாருந்தது," என்றார்.

"சந்தோஷம்," என்றாள் பிலிப்பா. தச்சனைப் பார்த்துக் கழற்றிவிடச் சொல்லி ஜாடை காட்டினாள்.

அடுத்த சீசனில் அந்த அறைக்குள் மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். ஆயா எப்படித் தலைமையாசிரியை ஆனாள் என்று யாருமே கேட்கவில்லை. கேட்டால் யாருக்காவது சங்கடம்.

கடைகளில் ஜனங்கள் இப்போதும் டெஸ்மண்டின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்கிறார்கள். அங்கே நாற்காலி ஏதும் இல்லை.